மத்திய அலை முதல் கைப்பேசி வரை: திருச்சிராப்பள்ளியில் மின்காந்த நிறமாலை

வானொலி அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, கட்புலனாகும் ஒளி, புறஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர் ஆகிய அனைத்தும் அடங்கியது மின்காந்த நிறமாலை. வெற்றிடத்தில் இவை எல்லாமே நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கின்றன. அதிர்வெண்ணும் அதைச் சார்ந்த அலைநீளமும் ஆற்றலும் மட்டுமே வேறுபடுகின்றன.

நிறமாலை ஆய்வில் திருச்சிக்கு உள்ள முதல் உறவு ஒரு பிறப்பு. 1888இல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. இராமன், சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறி வெளிப்படுவதை 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்தார். ஒரு பொருள் எந்த மூலக்கூறுகளால் ஆனது என்பதை அம்மாற்றம் காட்டிவிடும். மருந்துகளின் தரத்தைச் சோதிக்க இன்று இம்முறை பயன்படுகிறது.

ஊர்மக்களின் அன்றாட வாழ்வில் நிறமாலை கலந்தது 1939 மே 16இல், திருச்சி வானொலி நிலையம் தொடங்கியபோதுதான். இந்நிலையத்தின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 320 மீட்டர். பகலில் மத்திய அலை தரையை ஒட்டியே பரவும். இரவில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மறைந்துவிடுவதால் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதொலைவு செல்லும். யாழ்ப்பாணத்திலும் திருச்சி நிலையத்துக்கு நேயர்கள் இருந்தார்கள்.

1965இல் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) உயரழுத்தக் கொதிகலன் ஆலை அமைந்தபின், நிறமாலையின் மறுமுனையும் ஊருக்குள் வந்தது. கொதிகலன் குழாயின் வெல்டிங் இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் நீராவி அழுத்தத்தில் குழாய் வெடிக்கக்கூடும். ஆகவே எக்ஸ் கதிர் கொண்டோ, இரிடியம்-192 உமிழும் காமா கதிர் கொண்டோ இணைப்புகளைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். உலோகம் குறைந்த இடம் படச்சுருளில் கருமையாகத் தெரியும். இக்கதிர்கள் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்தெடுப்பவை. உயிரணுவின் மரபுப்பொருளையும் சிதைப்பவை. அதனால் கதிர்மூலம் வெளியே இருக்கும்வரை அப்பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை விலக்குவார்கள். தொலைவு இருமடங்கானால் கதிரின் செறிவு கால்பங்காகிவிடும். பணியாளரின் சட்டையிலுள்ள வில்லை அவர் பெற்ற கதிரளவைப் பதிவு செய்கிறது. 1983இல் உருவான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இவற்றைக் கண்காணிக்கிறது.

காமா கதிருக்கு உள்ள இந்தக் கட்டுக்காவல் வெல்டிங் பொறியின் புறஊதாவுக்குக் கிடைப்பதில்லை. சிறு பட்டறைகளில் வெல்டர் முகக்கவசம் பிடித்திருக்க, பக்கத்தில் இரும்பைத் தாங்கும் உதவியாள் வெறுங்கண்ணோடு நிற்பது சாதாரணக் காட்சி. புறஊதா கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்குகிறது. வலி உடனே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். வெல்டிங்குக்குரிய ஒரு கறுப்புக் கண்ணாடியால் தடுக்கக்கூடிய இந்தத் துன்பத்தை உதவியாட்கள் தொழிலோடு வந்த விதியாக ஏற்க நேர்வது நியாயமன்று.

மக்களின் அச்சம் பெரும்பாலும் கைப்பேசிக் கோபுரத்தின் மீதே குவிகிறது. திருச்சியின் மன்னார்புரம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் அந்த அச்சம் இயல்பானது. ஆனால் ஆற்றலை ஒப்பிட வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு போட்டானைவிட, வெல்டிங் புறஊதாவின் ஒரு போட்டான் சுமார் 10 லட்சம் மடங்கு ஆற்றல் மிக்கது. கைப்பேசி அலை எலெக்ட்ரானைப் பிரிக்காது. திசுவைச் சிறிதளவு சூடாக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இதனைப் புற்றுநோய் ‘உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்தது. ஆதாரம் குறைவு, ஆயினும் ஐயம் முற்றிலும் நீங்கவில்லை என்பதே அந்தப் பிரிவின் பொருள். 2012 செப்டம்பர் முதல் இந்தியா, கோபுர அலைகளுக்குப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கை, 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட் என, நிர்ணயித்தது. காதோடு ஒட்டிப் பிடிக்கும் கைப்பேசிக்கு வேறு வரம்பு: உடல் திசு ஏற்கும் ஆற்றல் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக்கூடாது.