தகட்டில் "கோயமுத்தூர்-6": கேள்விப்படாத பெயருள்ள ஒரு இழைப்பு மிஷின்

போன மாசம் பெரியப்பா மகன் அண்ணன் ஒரு படம் அனுப்பினார். பச்சைப் பெயின்ட் அடித்த பழைய இழைப்பு மிஷின். பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு, அதில் ஒரு கம்பெனி பெயர், கீழே "கோயமுத்தூர்-6". கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, அன்னூர் பக்கம் ஒருத்தர் பட்டறைய மூடறார். விலை சகாயமா வருது. இந்தக் கம்பெனி எப்படி? நீதான் பழைய கதையெல்லாம் தோண்டிட்டு இருக்கறயே, பார்த்துச் சொல்லு."

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் பெயர் முக்கியமில்லை என்பதுதான் கடைசியில் எனக்குப் புரிந்தது. ஆனால் அண்ணன் ஏன் இவ்வளவு யோசிக்கிறார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பெரியப்பா 1989இல் ஒரு இழைப்பு மிஷின் வாங்கினார். அதுவும் பெரிய பெயர் இல்லாத ஒரு கம்பெனிதான். வாங்கின நாளிலிருந்து ஒரு குறை. இரண்டு பலகையை விளிம்பு இழைத்து ஒட்டினால் இரண்டு முனையும் தொடும், நடுவில் மட்டும் நூலளவு வெளிச்சம் தெரியும். கதவுப் பலகை ஒட்ட அது போதாது. முப்பது வருஷமாக ஒவ்வொரு பலகையையும் மிஷினில் விட்டு எடுத்த பிறகு, கை இழைப்புளியால் மறுபடி சரி செய்துதான் ஒட்டினார். யாராவது கேட்டால் "என்ற கைப்பிடிப்பு சரியில்லை, மிஷின் வேலை எனக்கு வரலை" என்பார். மிஷினைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. அதே மாதிரி ஒன்றை வாங்கிவிடக் கூடாது என்பதுதான் அண்ணன் பயம்.

சரி, தகட்டிலிருந்து ஆரம்பிப்போம். கோயமுத்தூர்-6 என்றால் கணபதி. இன்றைய 641006. பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது, அதனால் "-6" என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய மிஷினாக இருக்குமோ என்று முதலில் குதித்தேன். ஆனால் நம்மாட்கள் இன்றைக்கும் விசிட்டிங் கார்டில் கோவை-6, கோவை-4 என்றுதான் போடுகிறார்கள். வயது சொல்ல அது உதவாது.

கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் என்று இந்தப் பக்கம் முழுக்கப் பட்டறையாக ஆனது எப்படி என்பது பலருக்கும் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1888இல் ஸ்டேன்ஸ் துரை பஞ்சு மில் ஆரம்பித்தார். 1926இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின, கிணற்றுக்கு மின்சாரப் பம்பு வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் தொழில்நுட்பத்தோடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியது. மில்லுக்கு ஸ்பேர், பம்புக்கு உடல், மோட்டாருக்குக் கூடு, எல்லாமே வார்ப்பு. அதனால் தெருவுக்குத் தெரு பவுண்டரி.

இந்தக் கதையில் பொதுவாக விட்டுவிடுகிற ஒரு ஆள் பேட்டர்ன் செய்கிற தச்சர். இரும்பை வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய 1/8 அங்குலம் சுருங்கும். அதற்காகக் கோடுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்ட தனி அளவுகோல் வைத்துத்தான் பேட்டர்ன் தச்சர் வேலை செய்வார். ஆக, எந்த இரும்பு மிஷினும் முதலில் ஒரு மர மிஷினாகத்தான் பிறக்கிறது. பவுண்டரி ஊரில் நல்ல தச்சரும் ரம்ப மிஷினும் இழைப்பு மிஷினும் வேண்டியிருந்தன. அதை வார்க்கவும் திருப்பவும் பக்கத்துத் தெருவிலேயே ஆள் இருந்தது.

இங்கேதான் "கம்பெனி எப்படி?" என்ற கேள்வி சிக்கலாகிறது. ஒரு சிறு கம்பெனியின் இழைப்பு மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்பு ஒரு பவுண்டரியில். டேபிளை பிளேனர் மிஷினில் ஓட்டுவது இன்னொரு பட்டறையில், ஜாப் ஒர்க். கத்தி பூட்டும் தண்டு ஒரு லேத்தில். பேரிங், பெல்ட், மோட்டார் கடையில் வாங்கியவை. தகடு போட்டவர் செய்வது பூட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் விற்பதும். ஒரே பவுண்டரியின் வார்ப்பு மூன்று பெயரில் போகலாம். ஒரே பெயரில் இந்த வருஷ மிஷினும் அடுத்த வருஷ மிஷினும் வேறு வேறு பவுண்டரி வார்ப்பாக இருக்கலாம்.

இத்தனை பெயர்கள் எதற்கு? ஒரு காரணம் வரிச் சட்டத்தில் இருக்கிறது. 1986இல் மத்திய அரசு சிறுதொழில்களுக்குக் கலால் வரி விலக்கு அறிவிப்பு ஒன்று (175/86) கொண்டுவந்தது. 1987இல் அதற்கு ஒரு திருத்தம்: வேறொருவரின் பிராண்ட் பெயரைப் போட்டுச் சரக்கு செய்தால் விலக்கு கிடையாது. பெரிய கம்பெனிகள் சிறு பட்டறைகளிடம் தங்கள் பெயரில் செய்து வாங்கி வரியைத் தவிர்ப்பதைத் தடுக்கத்தான் இது. ஆனால் சின்னப் பட்டறைக்காரர் பக்கம் நின்று பார்த்தால், நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல பெயரை வளர்ப்பதை விட ஆளுக்கொரு தகடு அடித்துக்கொள்வதே லாபம். குலதெய்வம் பெயர், மகள் பெயர், இனிஷியல் என்று தகடுகள் பெருகியதில் இந்தத் திருத்தத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அப்படிப் பார்த்தால் அந்தத் தகடு தரத்தைச் சொல்வதை விட, வரி யார் கணக்கில் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது.

பம்புக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது, தொழில்துறையினரே உருவாக்கிய சிட்டார்க் சோதனைக்கூடம் இருக்கிறது. நூற்பு மில்லுக்கு 1956இலிருந்து சிட்ரா இருக்கிறது. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். தச்சுப் பட்டறைக்கு வரும் மிஷினை அப்படி ஒரு முத்திரை பார்த்து வாங்கியவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பக்கத்து ஊர்க்காரர் வாங்கியிருக்கிறார், நல்லா ஓடுது, அவ்வளவுதான் விசாரணை.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். "கதை நல்லா இருக்கு, வாங்கறதா வேண்டாமா?" என்றார். நியாயம்தானே. அதனால் மெஷின் டூல் கம்பெனி ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற, எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அன்னூர் போனோம்.

அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. முதலில் டேபிளுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். "மேல எல்லாரும் பாலிஷ் போடுவாங்க தம்பி, அடில எப்படி விட்டிருக்கறாங்கன்னு பாருங்க." அடியில் குறுக்கு விலா எலும்புகள் தடிமனாக, இடைவெளி ஒரே சீராக இருந்தன. வார்ப்பில் குழி விழுந்த இடத்தைப் புட்டி வைத்து மூடி மேலே கனமாகப் பெயின்ட் அடிப்பது பழைய தந்திரம். பேனாக்கத்தியால் இரண்டு இடம் சுரண்டிப் பார்த்தார். புட்டி இல்லை.

பிறகு வார்ப்பை ஆற விடுவது பற்றிச் சொன்னார். வார்க்கும்போது மெல்லிய பகுதி சீக்கிரம் ஆறும், தடித்த பகுதி மெதுவாக ஆறும். அந்த இழுபறி இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். மேல் தோலைச் சீவி எடுத்ததும் அது விடுபட்டு, டேபிள் கொஞ்சம் கொஞ்சமாக வளையும். அந்தக் காலத்தில் வார்ப்பை மாசக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்பார்கள். ஒருமுறை சீவிவிட்டு மறுபடி போட்டு வைத்து அப்புறம் கடைசிச் சீவல் போடுவாரும் உண்டு. ஆனால் வார்ப்பு மழையில் கிடக்கிறது என்றால் முதலாளியின் பணம் மழையில் கிடக்கிறது என்று அர்த்தம். கடனுக்கு இரும்பு வாங்கியவர் எத்தனை மாசம் காத்திருப்பார்? சின்னக் கம்பெனி மிஷின் மோசமாவது பெரும்பாலும் கைத்திறன் இல்லாமல் இல்லை, இந்தக் காத்திருப்புக்கு வழியில்லாமல்தான் என்பது அவர் கட்சி.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த சோதனை. நல்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் கையில் இல்லை. அதனால் இரண்டு வேப்பம்பலகையை எடுத்து விளிம்பு இழைக்கச் சொன்னார். இரண்டு இழைத்த விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். டேபிளில் குறை இருந்தால் இரண்டு பலகையிலும் அதே குறை இருக்கும், சேர்த்து வைத்தால் இரண்டு மடங்காகத் தெரியும். டேபிள்கள் வெளிமுனையில் தொங்கினால் பலகை நடுவில் குழியும். வெளிமுனை உயர்ந்திருந்தால் நடுவில் புடைக்கும்.

இதைப் பார்த்தபோது ஜோசப் விட்வொர்த் ஞாபகம் வந்தார். 1840இல் கிளாஸ்கோவில் நடந்த ஒரு அறிவியல் கூட்டத்தில், சமதளமான உலோகத் தட்டு செய்வது எப்படி என்று கட்டுரை வாசித்தவர். இரண்டு தட்டை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தினால் ஒன்று குழிந்தும் ஒன்று புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடலாம். மூன்று தட்டை மாற்றி மாற்றிப் பொருத்தி, உயர்ந்த புள்ளிகளை மட்டும் சுரண்டி எடுத்தால்தான் மூன்றும் சமதளமாகும். எந்த அளவுகருவியும் இல்லாமல் சமதளம் பிறக்கிறது. நம் ஊர் பிட்டர்கள் நீல மை தடவிச் சுரண்டுவது அந்த வழியில் வந்த வேலைதான். வேப்பம்பலகைச் சோதனையும் அதற்குத் தூரத்துச் சொந்தம்.

அன்னூர் மிஷினில் வெளிச்சம் தெரியவில்லை. கடைசி ஒரு அடியில் மட்டும் மிக லேசாக. "இது ஓடின தேய்மானம், பொறவிக் கோளாறு இல்லைங்க" என்றார்.

அடுத்து கத்தி. இதில் தரம் என்பது பலகையைப் பற்றியது மட்டுமில்லை. ஆரம்ப கால இழைப்பு மிஷின்களில் கத்தி பூட்டும் தண்டு சதுரமாக இருந்தது. சுற்றும்போது சதுரத்தின் தட்டையான பக்கத்துக்கும் டேபிள் உதட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி வரும். கை வழுக்கினால் விரல் அதற்குள் போய்விடும். உருளைத் தண்டில் அந்த இடைவெளி இல்லை, காயம் பட்டாலும் ஆழம் குறைவு. பிரிட்டனில் 1922 விதிமுறைகள், கையால் தள்ளி இழைக்கும் மிஷினில் உருளைத் தண்டுதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலும் அதே நிபந்தனை வந்தது. ஆனால் அந்தச் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் இடமென்றால் 10 பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. அண்ணன் பட்டறையில் மூன்று பேர். விதி இருக்கிறது, வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே, மிஷின் செய்தவரின் மனசாட்சிதான் சட்டம்.

இந்த மிஷினில் உருளைத் தண்டு, மூன்று கத்தி. நிமிஷத்துக்கு 4,000 சுற்று என்றால் 12,000 வெட்டு. பலகை நிமிஷத்துக்கு 6 மீட்டர் போனால் அரை மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு விழ வேண்டும். ஒரு கத்தி மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் மற்ற இரண்டின் தடத்தையும் அது அழித்துவிடும், அலை ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் தெரியும். பெரியவர் பலகையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு "ரெண்டு கத்தி சும்மாதான் சுத்துது" என்று சிரித்தார். கத்தியை எடுத்து மறுபடி பூட்டினால் சரியாகிவிடும்.

பேரிங் ஒன்று உறுமியது. எண் 6206, அதாவது 30 மில்லிமீட்டர் உள்விட்டம். இந்த எண் போட்ட பேரிங் எந்தக் கம்பெனியுடையதும் பொருந்தும். பெல்ட்டும் சாதாரண பி செக்‌ஷன் வி பெல்ட். செய்தவர் கடையை மூடிவிட்டாலும் ஸ்பேருக்கு அலைய வேண்டியதில்லை. தனக்கென்று விசேஷ அளவில் தண்டு கடைந்து, தன்னிடமே ஸ்பேர் வாங்க வைக்கிற பெரிய பெயர்களை விட இது மேல் என்று எனக்குப் பட்டது.

அண்ணன் விலையில் பேரிங்குக்கும் கத்திக்கும் கழித்துப் பேசி முடித்தார். வண்டி ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினபோது பெரியவர் ஓரத்தில் கிடந்த பழைய மிஷினைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் இரண்டு பலகையை அதில் விட்டு எடுத்தார். நடுவில் அதே வெளிச்சம். டேபிள் முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார், லேசாக ஆடியது. சரிவுப் பள்ளத்தில் இருக்கும் ஜிப் பட்டையைச் சுரண்டாமலே பூட்டியிருக்கிறார்கள். பட்டை சரியாகப் படியவே இல்லை, அதனால் இரண்டு டேபிளும் வெளிமுனையில் தொங்குகின்றன. பிறந்த நாள் முதலே.

பெரியப்பாவைக் கூப்பிட்டு இரண்டு ஜோடிப் பலகையையும் காட்டினோம். அன்னூர் மிஷின் பலகையைக் கொஞ்ச நேரம் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். அப்புறம் பழையதின் பலகையை. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, அந்தப் பட்டைய இப்பச் சுரண்டிப் போட்டா சரியாயிருங்களா?" என்று பெரியவரிடம் கேட்டார்.

"ஒரு நாள் வேலைங்க."

"அப்ப அதை இரும்புக்குப் போடாதீங்கடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.