மருந்தளவுக் கணிப்பும் துளிவீதமும்

மருந்தளவுக் கணிப்பு என்பது, மருத்துவர் விதித்த மருந்தை நோயாளிக்கு அளிக்குமுன், கைவசமுள்ள மாத்திரை, திரவம் அல்லது ஊசிமருந்தின் செறிவைக் கொண்டு, கொடுக்கவேண்டிய அளவையும், சிரைவழி ஏற்றும் திரவமாயின் அதன் வேகத்தையும் செவிலியர் நிர்ணயிக்கும் முறையாகும்.

முறை: விதித்த அளவைக் கைவசமுள்ள மருந்தின் அளவால் வகுத்து, அது அடங்கிய கனஅளவால் பெருக்குவது அடிப்படைச் சூத்திரம், ஆகவே, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாரசிட்டமால் விதிக்கப்பெற்ற 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் கொண்ட சிரப்பில் 7.2 மில்லிலிட்டர் வேண்டும். துளிவீதமோ, மொத்தக் கனஅளவைக் குழாயின் துளிக்காரணியால் (ஒரு மில்லிலிட்டருக்கு விழும் துளிகளின் எண்ணிக்கையால்) பெருக்கி, நிமிடங்களால் வகுத்துப் பெறப்படும்: 500 மில்லிலிட்டர் சலைனை, மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாயால் 4 மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. மில்லிலிட்டருக்கு 60 துளி விழும் நுண்துளிக் குழாயில், நிமிடத் துளிகளின் எண்ணிக்கை, மணிக்கு ஏறும் மில்லிலிட்டர் எண்ணிக்கைக்குச் சமம்.

வரலாறு: சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியர் பதிவை ஒழுங்குபடுத்தியது, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. கிரெயின், மினிம் ஆகிய பழைய அளவைகள், 1956-ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்தையொட்டி, மெட்ரிக் முறைக்கு இடமளித்தன.

முக்கியத்துவம்: தசமப் புள்ளி ஓரிடம் பிறழின் அளவு பத்து மடங்கும், மைக்ரோகிராமை மில்லிகிராமாகக் கொள்ளின் ஆயிரம் மடங்கும் மிகுமாதலின், இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு முதலியவற்றின் கணக்கை இருவர் தனித்தனியே சரிபார்த்தல் நியமமாகக் கொள்ளப்படுகிறது. மின்விசைப் பம்பு இல்லாத இடங்களில், கடிகாரம் பார்த்துத் துளிகளை எண்ணுதலே வேகத்தைக் கண்காணிக்கும் வழியாகும்.