பதினோராம் இடைக்கால விதி: சிலியில் இராணுவ ஆட்சி முடிந்த விதம்

சிலியில் 1973 செப்டம்பர் 11 அன்று தொடங்கிய இராணுவ ஆட்சி, 1990 மார்ச் 11 அன்று பாத்ரீசியோ அயில்வின் அதிபராகப் பதவியேற்றதோடு முடிந்தது. இந்தக் கைமாற்றத்தை விளக்குவோர் பலரும் சாமுவேல் ஹண்டிங்டனின் ‘மூன்றாம் அலை’ (1991) நூலையே கைக்கொள்கின்றனர். ஆள்வோரே முன்னின்று நடத்தியவை, ஆள்வோர் வீழ்ந்ததால் நேர்ந்தவை, இரு தரப்பும் பேசி முடித்தவை என ஆட்சி மாற்றங்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். ஸ்பெயின், பிரேசில் ஆகியவற்றுடன் சிலியையும் முதல் வகையில் வைக்கிறார்.

இந்த வாசிப்பு வலுவற்றது. ஸ்பெயினில் மாற்றத்துக்கான சட்டத்தை முன்வைத்தவர் பிரதமர் சுவாரஸ். பிரேசிலில் தளர்வைத் தொடங்கியவர் அதிபர் கெய்சல். சிலியிலோ 1988 அக்டோபர் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், மேலும் எட்டு ஆண்டுகள் ஆளும் உரிமை கேட்டு நின்றவர் இராணுவ ஆட்சித் தலைவர் பினோசேயே. பதவியில் நீடிக்கப் போட்டியிட்டுத் தோற்றவரை மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் என்பது பொருந்தாது. எல்லாம் அரசமைப்பு குறித்த நாளில் நடந்தது என்பது மட்டுமே ஹண்டிங்டனுக்குச் சாதகம். ஆனால் அந்த அரசமைப்பை அப்படி இயங்கவைத்தது எது என்று கேட்டால் விடை வேறிடத்தில் கிடைக்கிறது.

1980 அரசமைப்பின் பின்னிணைப்பாக அமைந்த இடைக்கால விதிகளில் 27 முதல் 29 வரையிலானவை புகழ்பெற்றவை. முப்படைத் தளபதிகளும் காவல்துறைத் தலைவரும் ஒரே ஒரு வேட்பாளரை முன்மொழிவர். மக்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பர். ‘இல்லை’ வென்றால் ஓராண்டு கழித்துப் போட்டித் தேர்தல். அதிகம் பேசப்படாதது 11ஆம் விதி. தேர்தல்களை மேற்பார்வையிட்டு முடிவைச் சான்றளிக்கும் தேர்தல் தீர்ப்பாயம், முதல் நாடாளுமன்றத் தேர்தலின்போதுதான் செயற்படத் தொடங்கும் என்கிறது அது. பொதுவாக்கெடுப்பு அதற்கு முன்பே வருகிறது. அதாவது, முடிவைச் சரிபார்க்கச் சுதந்திரமான அமைப்பு இராது. 1980இல் அரசமைப்புக்கே ஒப்புதல் பெற்ற வாக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல்கூட இல்லாமல் நடந்தது. பழைய பட்டியல்களை 1974இலேயே அழித்திருந்தனர்.

1985 செப்டம்பரில் அரசமைப்புத் தீர்ப்பாயம் 11ஆம் விதியின் வாசகத்தை வேறுவிதமாகப் படித்தது. அதன் நீதிபதிகள் எழுவரில் நால்வர், அவர்களுள் ஒருவரான எவ்கேனியோ வாலென்சுவேலாவின் வாதத்தை ஏற்று, பொதுவாக்கெடுப்பையும் தேர்தல் தீர்ப்பாயமே மேற்பார்வையிட வேண்டும் என்றனர். ஒரு விதியைத் தனித்துப் படிக்காமல், நேர்மையான தேர்தல் முறையைக் கோரும் நிலையான விதிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் 1988இன் வாக்கெடுப்பு 1980இன் நகலாகியிருக்கும். இது மிகைக்கூற்றல்ல. தீர்ப்பைத் தொடர்ந்து புதிய வாக்காளர் பதிவு, கட்சிச் சட்டம், வாக்குச்சாவடிகளில் எதிர்த்தரப்பு முகவர்கள் என ஒவ்வொன்றாக வந்தன. சுமார் 74 லட்சம் பேர் பதிவு செய்தனர்.

வாக்கெடுப்பு இரவில் அரசின் முதல் அறிவிப்பு ‘ஆம்’ முந்துவதாகச் சொன்னது. எதிர்த்தரப்பிடம் முகவர்கள் அனுப்பிய சாவடிக் கணக்குகள் இருந்தன. நள்ளிரவுக்குப் பின் அதிபரின் லா மொனேதா மாளிகைக்கு வந்த விமானப்படைத் தளபதி மத்தேய், ‘இல்லை’ வென்றதாகவே தமக்குத் தெரிகிறது என்று வாசலிலேயே செய்தியாளர்களிடம் கூறிவிட்டார். செல்லுபடியான வாக்குகளில் ‘இல்லை’ பெற்றது ஏறத்தாழ 56 விழுக்காடு. மத்தேயை அப்படிப் பேசவைத்தது தீர்ப்புதான் என்று காட்ட நேரடிச் சான்று இல்லை. படைகளுக்குள் இருந்த பிணக்குக்கும் பங்குண்டு. ஆயினும் மறைக்க முடியாத கணக்கு ஒன்று வெளியே இல்லாதிருந்தால், அவர் வாய்திறக்க வேண்டிய தேவையே எழுந்திராது. 1983 முதல் தெருவில் நடந்த போராட்டங்களால் ஆட்சி விழவில்லை. எனவே ஹண்டிங்டனின் இரண்டாம் வகையும் பொருந்தவில்லை. மூன்றாம் வகைக்குரிய பேச்சுவார்த்தையோ, பினோசே வாக்கெடுப்பில் தோற்ற பின்னரே நடந்தது. அதன் விளைவாக 1989 ஜூலையில் அரசமைப்பில் 54 திருத்தங்கள் மக்கள் ஒப்புதல் பெற்றன.

மாற்றம் முடிந்த ஆண்டு எது என்பதிலும் கருத்தொற்றுமை இல்லை. அது நிறைவேறிவிட்டதாக அயில்வின் 1991இலேயே அறிவித்தார்; அப்போது பினோசே இன்னும் தரைப்படைத் தளபதி. 1998 மார்ச்சில் அப்பதவியை விட்டவர் உடனே வாழ்நாள் செனட்டரானார். 2005இல் நியமன செனட்டர்களை நீக்கி, தளபதிகளை விலக்கும் அதிகாரத்தை அதிபர் பதவிக்கு மீட்ட அப்போதைய அதிபர் லாகோஸும் மாற்றம் நிறைவுற்றதாகவே சொன்னார். இராணுவ ஆட்சி விட்டுச்சென்ற இரட்டை உறுப்பினர் தொகுதி முறை 2015 வரை சட்டத்தில் நின்றது.