கனசதுரம் முதல் கறுப்புச் சதுரம் வரை

1936ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் நவீனக் கலைக் காட்சியகம் ஒரு பெருங் கண்காட்சியை நடத்தியது. ‘கியூபிசமும் அரூபக் கலையும்’ என்பது அதன் பெயர். அதற்கென ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வந்த சிற்பங்களுள் 19ஐக் கலைப் பொருள்கள் என ஏற்கச் சுங்க அதிகாரிகள் மறுத்துவிட்டனர். கலைப் பொருளுக்கு அன்று வரி இல்லை. ஆனால் சிற்பம் என்றால் அது இயற்கைப் பொருளின், குறிப்பாக மனித உருவின், சாயலைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டின் அன்றைய விதி. ‘இது எதன் உருவம்?’ என்பதே அவ்விதி எழுப்பிய வினா.

இவ்வினாவை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. நவீன ஓவியத்தின் முன் முதன்முறையாக நிற்கும் எவருடைய உள்ளத்திலும் எழும் வினா இதுவே. விடை கிடைக்காதபோது சிலர் நாணி ஒதுங்குகின்றனர்; சிலர் சினந்து அகல்கின்றனர். கியூபிசமும் அரூப ஓவியமும் ஒன்றே எனக் கருதும் மயக்கமும் பலரிடம் உண்டு. உண்மையில் கியூபிசம் ஒரு கதவைத் திறந்தது. ஆனால் அதைக் கண்டவர்கள் அக்கதவைக் கடந்து செல்ல மறுத்தனர். கடந்தவர்கள் வேறு சிலர். அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

ஒரு கண்ணின் பார்வை

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர்கள், தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டும் முறையொன்றைக் கண்டனர். அண்மைப் பொருளைப் பெரிதாகவும் சேய்மைப் பொருளைச் சிறிதாகவும், கோடுகளை ஒரு புள்ளியில் சென்று மறைவனவாகவும் கணக்கிட்டு வரையும் முறை அது. ஆல்பர்ட்டி என்பார் 1435இல் இதற்கு இலக்கணம் வகுத்தார். இதற்கு அடித்தளமான ஒளியியலில் பஸரா நகரில் பிறந்த பேரறிஞர் இப்னுல் ஹைதமின் பங்கு பெரிது. அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ லத்தீனிலும் பின்னர் இத்தாலிய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. ஃபிளாரன்ஸ் நகரச் சிற்பி கிபெர்ட்டி தம் நூலில் அதனை விரிவாக எடுத்தாண்டுள்ளார்.

இம்முறை நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஓவிய உலகை ஆண்டது. எனினும் அதனுள் ஒரு நிபந்தனை மறைந்திருந்தது. காண்பவன் ஓரிடத்தில் அசையாது நின்று, ஒரு கண்ணால் காண வேண்டும். நாம் அவ்வாறா காண்கிறோம்? மேசைமீது ஒரு செம்பு இருக்கிறது. அதன் வாய் வட்டம் என்பதை அறிவோம். அமர்ந்து நோக்கினால் அது நீள்வட்டமாகத் தெரிகிறது. எழுந்து நின்றால் மாறுகிறது. கையில் எடுத்தால் அடியும் புலனாகிறது. இவை அனைத்தும் கூடியதே நம் மனத்திலுள்ள செம்பு. 1839இல் ஒளிப்படக் கலை உலகறிய வெளிவந்தபின், ஒரு கண்ணின் பார்வையைப் பொறியே பதிவு செய்யத் தொடங்கிற்று. அப்படியாயின் ஓவியனுக்கு எஞ்சிய பணி யாது?

இவ்வினாவுடன் தென் பிரான்சில் தனித்திருந்து உழைத்தவர் பால் ஸெஸான். அவர் வரைந்த படங்களில் மேசை ஒரு கோணத்திலும் அதன்மேலுள்ள கூடை வேறொரு கோணத்திலும் தோன்றும். இயற்கையின் உருவங்களை உருளை, உருண்டை, கூம்பு ஆகியவற்றின் வழியே நோக்குமாறு இளம் ஓவியர் ஒருவருக்கு 1904இல் அவர் எழுதினார். 1906இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு அவருடைய ஓவியங்கள் பாரிஸில் ஒருசேர வைக்கப்பட்டபோது, அவற்றைக் கண்டு திகைத்த இளைஞர் பலர்.

இரு நண்பர்கள்

ஸ்பெயின் நாட்டு மாலகா நகரில் 1881இல் பிறந்த பாப்லோ பிக்காஸோ அப்போது பாரிஸில் வறுமையோடு வாழ்ந்துகொண்டிருந்தார். ஐபீரியப் பழஞ்சிற்பங்களையும் ஆப்பிரிக்க முகமூடிகளையும் அவர் உற்று நோக்கினார். 1907இல் ஏறத்தாழ 8 அடி உயரமுள்ள கித்தானில் அவர் தீட்டிய ‘அவினியோன் பெண்கள்’ நண்பர்களையே அதிர வைத்தது. உடல்கள் கூரிய துண்டுகளாக உடைந்திருந்தன. இரு முகங்கள் முகமூடிகளாகவே மாறியிருந்தன. 1916 வரை அப்படம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

பிக்காஸோவைவிடச் சில மாதங்களே இளையவர் ஜார்ஜ் பிராக். வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசி அழகு செய்யும் குடும்பத் தொழிலைக் கற்றவர். 1908இல் தென் கடற்கரையிலுள்ள லெஸ்டாக் என்னும் ஊரின் வீடுகளைக் கதவும் சாளரமும் அற்ற கட்டிகளாக வரைந்தார். பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சி அவற்றை ஏற்க மறுத்தது. கான்வைலர் என்ற ஜெர்மானிய வணிகர் தம் சிறிய கடையில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். எல்லாவற்றையும் கனசதுரங்களாக்கிவிட்டார் இவர் என வோக்ஸெல் என்ற விமர்சகர் எழுதினார். ஏளனமாகப் பிறந்த அச்சொல்லே இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

அதன்பின் ஆறாண்டுகள் இருவரும் ஒருவர் கூடத்திற்கு ஒருவர் சென்று, ஒருவர் படத்தை ஒருவர் திறனாய்ந்து உழைத்தனர். ஒரே கயிற்றில் பிணைந்த மலையேறிகள் எனப் பிற்காலத்தில் பிராக் இந்நட்பைக் குறிப்பிட்டார். கிண்ணம், வயலின், மனித முகம் ஆகியவற்றைப் பல கோணங்களில் கண்டு, அக்காட்சிகளை ஒரே பரப்பில் கோத்தனர். வண்ணம் கண்ணை ஈர்த்து வடிவத்தை மறைத்துவிடும் என்பதால், பழுப்பும் சாம்பலும் போதும் எனக் கொண்டனர். இருவருள் யார் வரைந்த படம் இது எனத் தேர்ந்தவரும் தடுமாறும் அளவுக்கு அவை ஒன்றுபட்டன.

1911இல் நிலைமை முற்றியது. துண்டுகள் பெருகிப் பெருகிப் பொருளே மறையும் எல்லைக்கு ஓவியம் வந்துவிட்டது. இன்னும் ஓரடி வைத்தால் எவ்வுருவமும் அற்ற வெளி. அங்கேதான் இருவரும் நின்றனர். பிராக் தம் தொழிலில் பழகிய அச்செழுத்துகளைப் படத்தில் பதித்தார். 1912இல் பிக்காஸோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியைக் கித்தானில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக அமைத்தார். அதே ஆண்டில் மரத்தின் வரிகள் அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார் பிராக். உலகப் பொருளை விட்டுப் பிரிய மனமில்லாமல், அப்பொருளையே கொணர்ந்து படத்தில் சேர்த்தனர் எனலாம். 1914இல் உலகப் போர் மூண்டது. படைக்குப் புறப்பட்ட பிராக்கை அவினியோன் புகைவண்டி நிலையத்தில் பிக்காஸோ வழியனுப்பினார். மறு ஆண்டு பிராக்கின் தலையில் கொடுங்காயம் பட்டது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அப்பழைய கூட்டுழைப்பு மீளவில்லை.

கதவைக் கடந்தவர்கள்

ஹாலந்து நாட்டுப் பீட் மோண்டிரியான் 1911இல் ஆம்ஸ்டர்டாமில் கியூபிசப் படங்களைக் கண்டு, பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். ஒரு மரத்தை மீண்டும் மீண்டும் வரைந்தார். கிளைகள் வளைகோடுகளாயின, வளைகோடுகள் நேர்கோடுகளாயின. 1920களில் அவர் படங்களில் எஞ்சியவை நெடுங்கோடும் குறுக்குக்கோடும் சிவப்பு, நீலம், மஞ்சள் வண்ணங்களுமே.

ரஷ்ய நாட்டில் கஸிமிர் மாலெவிச் இன்னும் விரைந்து சென்றார். 1915 டிசம்பரில் பெட்ரோகிராட் நகரில் வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரத்தைக் காட்சிக்கு வைத்தார். ரஷ்ய இல்லங்களில் சமயப் படத்தை மாட்டும் மூலையிலேயே அதனை மாட்டினார். நூறாண்டுகளுக்குப் பின், 2015இல், மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சியகத்தினர் அப்படத்தை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது, கறுப்பின் அடியில் கியூபிசச் சாயலுள்ள பழைய படம் புதைந்திருக்கக் கண்டனர். இவ்விரு கலைகளின் உறவுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் வழி ஒன்றன்று. மாஸ்கோவில் பிறந்து மியூனிக்கில் வாழ்ந்த காண்டின்ஸ்கி இசையின் வழியே வந்தவர். எப்பொருளையும் சுட்டாமலே இசை உள்ளத்தை உருக்குமாயின், வண்ணம் ஏன் உருக்கலாகாது என்பது அவர் வினா. தம் கருத்தை 1911 இறுதியில் நூலாகவும் வெளியிட்டார். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1906 முதல், ஹில்மா அஃப் கிளிண்ட் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண்மணி அரூப ஓவியங்களைத் தீட்டியிருந்தார். தாம் மறைந்து 20 ஆண்டுகள் கழியும்வரை அவற்றைக் காட்டலாகாது என்று கூறிச் சென்றார். 1944இல் அவர் மறைந்தார். 1986இல்தான் உலகம் அவற்றை அறிந்தது.

கைரவானின் ஒளி

உருவம் தவிர்த்த கோல வனப்பு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. மஸ்ஜிதுகளின் சுவர்களிலும் மிம்பர்களிலும் நட்சத்திரமும் பலகோணமும் பின்னிப் படரும் எழில் பல நூற்றாண்டுப் பழமையுடையது. ஆகவே ஐரோப்பிய அரூபக் கலை முழுவதும் அங்கிருந்தே சென்றது எனச் சிலர் உரைப்பர். அது சான்றுக்கு மிஞ்சிய கூற்று. சான்றுள்ளவை இவை: 1910இல் மியூனிக்கில் நடந்த இஸ்லாமியக் கலைக் கண்காட்சியை மத்தீஸ் சென்று கண்டார். காண்டின்ஸ்கி 1904-05இல் துனீஸியாவில் தங்கினார். பாரிஸில் கியூபிசத்தைக் கண்டிருந்த பால் கிளே, 1914 ஏப்ரலில் துனிஸ், ஹம்மாமெத், கைரவான் ஆகிய ஊர்களுக்குச் சென்றார். அங்குள்ள ஒளியில் வண்ணம் தம்மை ஆட்கொண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். குவிமாடங்களும் வெண்சுவர்களும் அவர் படங்களில் வண்ணச் சதுரங்களாக மாறின.

வேற்றுமையும் உண்டு. மஸ்ஜிதின் கோலம் சுவரோடும் கூரையோடும் இயைந்து, அதை ஆக்கியவரின் பெயரைப் பெரும்பாலும் மறைத்தே நிற்பது. ஐரோப்பியரின் கித்தானோ தனி ஒருவரின் உள்ளத்தேடலைப் பறைசாற்றுவது. இரண்டும் ஒன்றெனச் சொன்னால் இரண்டுக்கும் நீதி செய்தவராகோம்.

வினாவும் அதிகாரமும்

‘இது எதன் உருவம்?’ என்ற வினாவைச் சுங்க அதிகாரி கேட்டால் வரிதான் கூடும். கொடுங்கோலன் கேட்டால் நேர்வது வேறு. 1930இல் மாலெவிச் சோவியத் ஆட்சியாளரால் சிறைப்பட்டார். 1933இல் நாஜிகள் கிளேயை ஆசிரியப் பணியினின்று நீக்கினர். 1937 ஜூலையில் மியூனிக்கில் ஏறத்தாழ 650 படைப்புகளை ‘சீரழிந்த கலை’ எனப் பெயரிட்டு இழிவுபடுத்திக் காட்டினர். காண்டின்ஸ்கி, கிளே, மோண்டிரியான் ஆகியோரின் ஓவியங்கள் அவற்றுள் இருந்தன.

அதே 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிகா நகர்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. பிக்காஸோ 11 அடிக்கு மேல் உயரமும் 25 அடிக்கு மேல் அகலமும் கொண்ட கித்தானில் கறுப்பும் வெளுப்பும் சாம்பலுமாக அக்கொடுமையைத் தீட்டினார். இறந்த குழந்தையை ஏந்திய தாயின் முகம் அதில் உடைந்து கிடக்கிறது. உடைந்த அம்முகம் எதன் உருவம் என எவரும் வினவுவதில்லை. சிதைந்த வாழ்வைச் சிதையாத கோடுகளால் சொல்லவியலாது என்பது கண்டவுடன் விளங்குகிறது. கிண்ணத்தையும் வயலினையும் வைத்து இரு நண்பர்கள் பழகிய மொழி, ஒரு நகரின் ஓலத்தைச் சொல்லவும் உதவிற்று.

ஆகவே இத்தகைய ஓவியத்தின் முன் நிற்கையில் நாணவும் வேண்டா, சினக்கவும் வேண்டா. இவ்வோவியர் பொருளை உடைத்துக் காட்டுகிறாரா, அன்றிப் பொருளையே விட்டு வண்ணத்தோடும் கோட்டோடும் தனித்திருக்கிறாரா என்று முதலில் நோக்குவோம். முன்னதாயின் உடைந்த துண்டுகளினூடே பொருளைத் தேடலாம். பின்னதாயின் தேடுவதை நிறுத்திவிட்டு, கோலம் படர்ந்த சுவரைக் காண்பதுபோல் அமைதியாகக் காணலாம். விருப்பும் வெறுப்பும் அதன்பின் வரட்டும்.