பட்டதாரியும் பட்டறையும்

பெரிய பொறியியல் நிறுவனமொன்று, பட்டம் பெற்றுப் புதிதாக வெளிவந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும்போது, அவருக்கு அன்றைக்குத் தெரிந்த வேலைக்காக அவரைச் சேர்ப்பதில்லை; வார்ப்படச் சாலையையும் கடைசல் இயந்திரத்தையும் சோதனைக் கூடத்தையும் ஓரிரு ஆண்டுகள் அருகிருந்து பார்த்தபின் அவர் எப்படிப்பட்ட பொறியாளராக வருவார் என்ற கணிப்பை நம்பியே சேர்க்கிறது. ஆகவே பட்டத்துக்கும் பதவிக்கும் நடுவில் ஓர் இடைக்காலம் எக்காலத்திலும் இருந்துவந்திருக்கிறது. தொழிற்பழகுநர், பயிற்சிப் பொறியாளர், ஜி.இ.டி. (பட்டதாரிப் பொறியாளர் பயிற்சியாளர்) என அதற்குப் பெயர்கள் மட்டும் மாறின. வேலைக்கு விண்ணப்பிக்கும் முறையின் வரலாற்றை எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றின் வரலாறாக எழுதுவது வழக்கம். ஆனால் அந்த இடைக்காலத்தின் செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வியை வைத்துப் பார்த்தால்தான், யார் விண்ணப்பிக்க முடிந்தது, யார் வாசலிலேயே நின்றுவிட்டார் என்பது தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் அந்தச் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுந்தது. ரயில் எஞ்சின் பட்டறைகளில் ‘பிரீமியம் பழகுநர்’ என்றொரு வகையினர் இருந்தனர். தொழிலாளியின் மகன் சிறு கூலி பெற்றுக்கொண்டு ஒரே தொழிலைப் பழகுவான் என்றால், பிரீமியம் பழகுநரின் வீட்டார் ஒரு தொகையைக் கட்டி, பையன் பட்டறையின் எல்லாப் பிரிவுகளையும் சுற்றிவந்து பிற்காலத்தில் மேலாளராகும் வழியைத் திறந்துகொள்வார்கள். பின்னாளில் தம் பெயரிலேயே கார்களை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி 1905-இல், பதினாறு வயதில், டான்காஸ்டரிலிருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் இவ்வாறு சேர்ந்தபோது அவருடைய தந்தை கட்டிய தொகை 75 பவுண்டு. அதே ரயில்வேயின் பீட்டர்பரோ பட்டறையில், அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன், தந்தையை இழந்த ஏழைச் சிறுவன் ஹென்றி ராய்ஸ், அத்தை ஆண்டுக்கு 20 பவுண்டு கட்ட முன்வந்ததால் பழகுநரானான். அத்தையின் கைப்பணம் தீர்ந்ததும் பயிற்சி முடியாமலே வெளியேறினான். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் பெயரில் பாதியைத் தந்தவர் பயிற்சியை முடிக்காதவர் என்பது அந்த முறையைப் பற்றிப் பல பக்க ஆய்வுரையைவிடக் கூடுதலாகச் சொல்கிறது.

அக்காலத்தில் பல்கலைக்கழகங்களில் பொறியியல் இல்லாமலில்லை; கிளாஸ்கோவில் 1840-லேயே அதற்கொரு பேராசிரியர் பதவி நிறுவப்பட்டிருந்தது. இருந்தும், பட்டறையில் கை கறுக்காதவரைப் பொறியாளராக ஏற்கத் தொழிலதிபர்கள் தயங்கினர்; பட்டம் ஓர் அணிகலனாகக் கருதப்பட்டதே தவிர, விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும் ஆவணமாகக் கருதப்படவில்லை.

இந்த மனநிலையை அசைத்தது மின்சாரத் தொழில். நீராவி எஞ்சினின் கோளாறைக் காதால் கேட்டும் கையால் தொட்டும் கண்டுபிடித்துவிட முடியும். மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் இயந்திரத்தை வடிவமைக்கக் கணிதம் தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1899-இல் தன் பிரிட்டிஷ் கிளையைத் தொடங்கி மான்செஸ்டரை அடுத்த டிராஃபோர்ட் பார்க்கில் பெரும் தொழிற்சாலையை எழுப்பியபோது, இளம் ஆங்கிலேயர்களைப் பயிற்சிக்காகப் பிட்ஸ்பர்க் நகருக்கு அனுப்பியது. அங்கே பயின்று திரும்பியவர்களுள் ஒருவரான ஆர்தர் ஃபிளெமிங், டிராஃபோர்ட் பார்க்கில் பழகுநர் பயிற்சியை ஒழுங்கான கல்வித் திட்டமாக மாற்றினார். 1919-இல் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் என்று பெயர் மாறி, பேச்சுவழக்கில் ‘மெட்ரோவிக்’ ஆன அந்த நிறுவனத்தில் ‘கல்லூரிப் பழகுநர்’ என்ற தனி வகுப்பே இருந்தது. பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு பிரிவாகச் சுற்றிவருவார்கள். வீட்டார் தொகை கட்ட வேண்டியதில்லை. மாறாக நிறுவனமே, வாழ்வதற்கு ஒருவாறு போதுமான ஊதியத்தைத் தந்தது. செலவு கைமாறிய இடம் இதுதான்.

அந்த வாசலில் நுழைந்தவர்களில் புகழ்பெற்றவர் ஜான் காக்கிராஃப்ட். முதல் உலகப் போரிலிருந்து திரும்பி, மான்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் மைல்ஸ் வாக்கர் என்ற மின்பொறியியல் பேராசிரியரிடம் படித்து 1920-இல் பட்டம் பெற்ற அவர், மெட்ரோவிக்கில் இரண்டாண்டு கல்லூரிப் பழகுநராக இருந்தபின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். வாக்கரும் முன்பு அதே நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. பேராசிரியரின் சொல் நிறுவனத்தில் செல்லுபடியாகும் வகையில் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஆள்வழிப் பாலம் ஒன்று இருந்தது. காக்கிராஃப்ட்டும் எர்னஸ்ட் வால்டனும் 1932-இல் லித்தியம் அணுக்கருவைப் பிளந்து, 1951-இல் நோபல் பரிசு பெறக் காரணமான கருவியின் முக்கியப் பாகங்கள் மெட்ரோவிக்கிலிருந்தே வந்தன. பழகுநர்களுக்குச் செலவிட்ட நிறுவனம் எதைப் பெற்றது என்று கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் கதை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது, ஏனெனில் இங்கே பொறியாளரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் மிகப் பெரிய அமைப்பு அரசின் பொதுப்பணித் துறை. 1847-இல் தொடங்கிய ரூர்க்கிக் கல்லூரியில் இறுதித் தேர்வில் முன்வரிசையில் நின்ற சிலருக்கு அரசுப் பணி உறுதி செய்யப்பட்டிருந்தது. உயர் பதவிகளுக்கு ஆள் தயாரிப்பதற்கென்றே இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் 1871 முதல் 1906 வரை கூப்பர்ஸ் ஹில் கல்லூரி நடந்தது; அங்கே கட்டணம் கட்டிப் படிக்க வசதி இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரே. நில அளவைப் பள்ளியாக 1794-இல் சென்னையில் பிறந்து, 1920-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பொறியியல் கல்லூரியின் மாணவரும் பொதுப்பணித் துறையை நோக்கியே படித்தார். இந்த ஏற்பாட்டில் விண்ணப்பம் என்பது பெயரளவுக்குத்தான்; கல்லூரியின் தரவரிசைப் பட்டியலே பணி நியமனப் பட்டியல்.

தனியார் நிறுவனங்களின் கதவு இதைவிட இறுகியிருந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இயங்கிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் தம் பொறியாளர்களைத் தாய்நாட்டிலேயே ஒப்பந்தம் செய்து கப்பலேற்றின. ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பாலைகூடத் தொடக்கத்தில் அயல்நாட்டு வல்லுநர்களை நம்பியே இயங்கியது. அவர்களுக்குப் பதிலாக இந்தியரைப் பழக்குவதற்கென 1921-இல் அங்கே ஒரு தொழில்நுட்பப் பள்ளி திறக்கப்பட்டது. பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் 1927 முதல், பட்டதாரிகளை விட்டுவிட்டுப் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்களையே போட்டித் தேர்வில் பொறுக்கியெடுத்து, ‘சிறப்பு வகுப்புப் பழகுநர்’ என்ற பெயரில் அதிகாரிகளாக வளர்த்தனர். பட்டம் முடித்தவரைத் திருத்துவதைவிடப் பள்ளி முடித்தவரை உருவாக்குவது எளிது என்று ரயில்வே நினைத்திருக்கக்கூடும்.

அதே ஜமால்பூர் பட்டறைக்குள் 1940-களின் முற்பகுதியில் நுழைந்த ஒருவரை இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 1919-இல் பிறந்த அ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு விதவையானார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அதுவரை ஆண்களே படித்துவந்த கல்லூரியில் மகளைச் சேர்க்க அவர் அனுமதி கேட்டபோது முதல்வர் கே. சி. சாக்கோ இசைந்தார். 1943-இல் மின்பொறியியல் படிப்பை முடித்த லலிதா, பட்டத்துக்குத் தேவையான செய்முறைப் பயிற்சியை ஜமால்பூரில் ஓராண்டு பெற்றார். பின்னர் சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பணியாற்றி, இடையில் லண்டன் மின்பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதித் தேர்ந்து, 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ், சுருக்கமாக ஏ.இ.ஐ., நிறுவனத்தில் சேர்ந்தார். மெட்ரோவிக்கையும் ரக்பி நகரின் மற்றொரு மின்கருவி நிறுவனத்தையும் இணைத்து 1928-இல் உருவான குழுமம் இதுவே. மின்கடத்தும் பாதைகளையும் துணைமின் நிலைய அமைப்புகளையும் வடிவமைத்து, பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் பங்கேற்ற அவர், நிறுவனம் கைமாறிய பின்னரும் 1977 வரை அங்கேயே பணியாற்றி ஓய்வுபெற்றார்.

அவருக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பார்த்தால், அக்கால விண்ணப்பதாரர் ஒருவருக்குத் தகுதிக்கு வெளியே என்னென்ன தேவைப்பட்டன என்பது விளங்கும்: துறைக்குள்ளேயே இருந்த தந்தை, இசைந்து வந்த முதல்வர், கல்கத்தாவில் வீட்டைத் திறந்துவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உதவிய சகோதரரின் குடும்பம். இவற்றில் ஏதேனும் ஒன்று இல்லாமற்போன பெண்களைப் பற்றி ஆவணங்கள் எதுவும் பேசுவதில்லை.

விடுதலைக்குப் பின் அரசே கனரகத் தொழிற்சாலைகளைக் கட்டத் தொடங்கியதும் விண்ணப்பத்தின் இயல்பு மாறியது. ஏ.இ.ஐ.யுடன் 1955-இல் செய்துகொண்ட ஆலோசனை ஒப்பந்தத்தின் அடிப்படையில் 1956-இல் போபாலில் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ் நிறுவப்பட்டது. அதன் தொடக்ககாலப் பொறியாளர்கள் சிலர் பிரிட்டனில் அந்தக் குழுமத்தின் தொழிற்சாலைகளில் பழகித் திரும்பினர். டிராஃபோர்ட் பார்க்கில் உருவான சுற்றுமுறைப் பயிற்சி இந்தியப் பொதுத் துறைக்குள் நுழைந்த வழிகளில் இது ஒன்று. 1964-இல் அமைந்த பெல் (பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ்) நிறுவனத்தின் கீழ்த் திருச்சி திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் உயரழுத்தக் கொதிகலன் ஆலையும், ஹைதராபாத்திலும் ஹரித்துவாரிலும் வேறு ஆலைகளும் எழுந்தன. போபால் நிறுவனம் 1974-இல் இதனுடன் இணைந்தது. ‘பயிற்சிப் பொறியாளர்’ என்ற பதவி இங்கே நிலைபெற்றது: ஓராண்டுப் பயிற்சி, பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை, அதன்பின் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றுவதாக எழுதித்தரும் பிணைப்பத்திரம். செலவை நிறுவனம் ஏற்றது. விட்டுச் சென்றால் திருப்பிக் கேட்டது.

அரசு நிறுவனம் என்பதால் வாய்ப்பு எல்லாருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்ற அரசியலமைப்புக் கடமை சேர்ந்துகொண்டது; அதிலிருந்து, ஒரு தலைமுறைத் தமிழ் மாணவர்கள் மறக்கமுடியாத காகிதச் சடங்கு ஒன்று பிறந்தது. நாளிதழ்களிலும், 1976-இலிருந்து மத்திய அரசே வெளியிட்ட வேலைவாய்ப்பு வார இதழிலும் வந்த விளம்பரத்தின் அமைப்பிலேயே வெள்ளைத்தாளில் தட்டச்சு செய்த படிவம், பாஸ்போர்ட் அளவுப் படம், கட்டணத்துக்கு அஞ்சல் ஆணை அல்லது வங்கி வரைவோலை, பிறந்த தேதிக்கும் சாதிக்கும் மதிப்பெண்ணுக்கும் சான்றிதழ் நகல்கள், ஒவ்வொரு நகலிலும் கெஜட்டட் அதிகாரி ஒருவரின் பச்சை மைக் கையெழுத்து. வீட்டில் முதன்முதலாகப் படித்த பிள்ளைக்கு எழுத்துத் தேர்வைவிடக் கடினமாக இருந்தது, தெரிந்த கெஜட்டட் அதிகாரி ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான். மத்திய அரசு 2014-இல் தன்சான்றொப்பம் போதும் என்று அறிவுறுத்திய பிறகே இந்தத் தொல்லை தளர்ந்தது.

ஆலைகள் பெருகிய வேகத்தைவிடக் கல்லூரிகள் பெருகிய வேகம் கூடுதல். 1965-ஐ ஒட்டிய வறட்சியும், ஐந்தாண்டுத் திட்டங்கள் 1966 முதல் 1969 வரை நின்றுபோனதும், தொழில் மந்தமும் சேர்ந்ததால், பொறியாளர் வேலையில்லாமல் அலைவது என்ற புதுமையை இந்தியா கண்டது. சேர்க்கை இடங்களே குறைக்கப்பட்டன. இதற்கு அரசு கண்ட மருந்துகளுள் ஒன்று, 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தை 1973-இல் திருத்தியது. அதுவரை ஐ.டி.ஐ. படித்தவர் போன்ற கைவினைத் தொழிலாளருக்கு மட்டும் இருந்த சட்டம், பட்டதாரிகளுக்கும் டிப்ளமா பெற்றவர்களுக்கும் விரிந்தது. நிறுவனங்கள் அவர்களை ஓராண்டு சேர்த்துக்கொள்வது கட்டாயமானது. உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றது. சென்னை உட்பட நான்கு நகரங்களில் இயங்கும் பயிற்சி வாரியங்கள் இதை நடத்துகின்றன. ஆனால் பயிற்சி முடிந்தபின் வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்று சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. பழகுநர் பயிற்சி முடித்தோர் நிரந்தர வேலை கேட்டு நெய்வேலியில் போராடும் செய்தி இன்றுவரை திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தப் பிரிவையும் காரணமாகச் சொல்லலாம்.

சமவாய்ப்புக் கடமை தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தவில்லை. 1974-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்த, டாடா குழுமத்தைச் சேர்ந்த டெல்கோ நிறுவனத்தின் விளம்பரம், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. அங்கு மாணவியாக இருந்த சுதா மூர்த்தி, ஜே. ஆர். டி. டாடாவுக்கு அஞ்சலட்டையில் கண்டனம் எழுதினார்; நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது; தேர்வாகி அந்நிறுவனத்தின் முதல் பெண் பொறியாளரானார். இது பெரும்பாலும் டாடாவின் பெருந்தன்மைக் கதையாகச் சொல்லப்படுகிறது. லலிதா பட்டம் பெற்று முப்பதாண்டுகளுக்குப் பிறகும் அப்படியொரு வாசகத்தை அச்சிட எந்தத் தடையும் இருக்கவில்லை என்பதே வரலாற்றுக்கு முக்கியம்.

தமிழ்நாட்டில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. விண்ணப்பங்களைப் பிரித்துப் படிப்பதே இயலாத நிலையில், தனியார் நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த சில கல்லூரிகளுக்கு மட்டும் நேரில் சென்று ‘கேம்பஸ்’ தேர்வு நடத்தின. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, ‘அரியர்’ இருக்கக்கூடாது என்பன போன்ற வடிகட்டிகள் வந்தன. பொதுத் துறை நிறுவனங்களோ, முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்காக 1980-களில் தொடங்கப்பட்ட கேட் தேர்வின் மதிப்பெண்ணை 2010-களில் பரவலாகக் கையிலெடுத்தன. தனித் தேர்வு நடத்தும் செலவும் வழக்குகளும் அவற்றுக்குக் குறைந்தன. பயிற்சி மையக் கட்டணமும், பட்டம் முடிந்தபின் சம்பளமில்லாமல் படிக்கும் ஓராண்டும் வீட்டாரின் கணக்கில் ஏறின.

கேட் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது, தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் திருவெறும்பூர் ஆலையின் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது; உள்ளே இருப்பது மத்திய அரசின் நிறுவனம்.