கேட்ல ஒரு கடைசி சோதனை

அம்பத்தூர்லேருந்து விடிகாலை மூணு மணிக்குக் கிளம்பி, மீனம்பாக்கத்துல எல்லா செக்கிங்கும் முடிச்சு போர்டிங் கேட்டுக்கு வந்தா, "சார், கொஞ்சம் தனியா வாங்க"ம்பாங்க. எரிச்சலா வரும். அப்பல்லாம் எனக்கு அப்துல் கலாம் ஞாபகம்தான்.

2009 ஏப்ரல், டெல்லி. காண்டினென்டல் விமானத்தில் ஏறப் போனவரை, மத்தவங்க பார்க்க, ஷூவைக் கழட்டச் சொல்லித் தடவிப் பார்த்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவரைச் சோதிக்கக் கூடாது என்பது இந்திய விதி. ஏறும் முன் கடைசியா ஒரு சோதனை கட்டாயம் என்பது அமெரிக்க விதி. நம்ம மண்ணுல ஜெயிச்சது அவங்க விதி!

மனுஷன் புகாரே செய்யலை. ஜூலையில் நாடாளுமன்றத்தில் ரகளையான பிறகுதான் மன்னிப்பு வந்தது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் மறுபடி சோதனை. விமானத்தில் உட்கார்ந்த பிறகு!

விலக்குப் பட்டியல்ல இருந்தவருக்கே மன்னிப்பு வர மூணு மாசம். பட்டியல்லயே இல்லாத நமக்கு? ஷூவைக் கழட்ட வேண்டியதுதான்.