விமானத்தை எதிர்கொண்ட நீர்மூழ்கி: பிஸ்கே விரிகுடா முதல் ஏவுகணை வரை

1. சிக்கல்

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய நீர்மூழ்கிகளான யூ-போட்டுகள் பெரும்பாலும் நீரின் மேலேதான் ஓடின. பேட்டரிக்கு மின்னேற்ற டீசல் எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சினுக்குக் காற்று வேண்டும். பிரெஞ்சுத் துறைமுகங்களிலிருந்து அட்லாண்டிக் செல்லும் படகுகள் பிஸ்கே விரிகுடாவைக் கடந்தாக வேண்டும். பிரிட்டிஷ் விமானங்கள் வேட்டையாடியதும் அங்கேதான்.

2. முன்னெச்சரிக்கை

இருட்டு தந்த பாதுகாப்பு 1942 ஜூனில் போயிற்று. ரேடாரால் படகைத் தேடிப் பிடித்து, கடைசி நொடியில் 'லீ லைட்' என்னும் பெருவிளக்கைப் பாய்ச்சின விமானங்கள். ஜெர்மானியர் 'மெட்டாக்ஸ்' என்ற கருவியால் ரேடார் அலையை முன்கூட்டியே கேட்டு மூழ்கத் தொடங்கினர். 1943 தொடக்கத்தில் எதிரி 10 செ.மீ. அலைநீள ரேடாருக்கு மாற, மெட்டாக்ஸ் செவிடானது.

3. எதிர்த்துச் சுடுதல்

படகு மூழ்க ஏறத்தாழ அரை நிமிடம் பிடிக்கும். விமானம் தலைக்கு மேலே வந்தபின் மூழ்கப் போனால், திருப்பிச் சுடக்கூட வழியில்லாமல் குண்டு வாங்க வேண்டியதுதான். ஆகவே மேலேயே நின்று சண்டையிடும்படி ஜெர்மானியக் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் ஆணையிட்டதை வெறும் முரட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

இதற்காகவே மாற்றியமைக்கப்பட்டது யூ-441. நான்குகுழல் 2 செ.மீ. பீரங்கிகள் இரண்டு, 3.7 செ.மீ. பீரங்கி ஒன்று. 1943 மே 24 அன்று ஒரு சண்டர்லேண்ட் விமானத்தை அது வீழ்த்தியது. விழுமுன் அந்த விமானம் போட்ட குண்டுகளால் தானும் சேதமடைந்து துறைமுகம் திரும்பியது. ஜூலை 12 அன்று மூன்று பியூஃபைட்டர் விமானங்கள் அதைச் சூழ்ந்துகொண்டன. மேல்தளத்தில் பீரங்கிகளைச் சுற்றி நின்றவர்களுக்கு ஒதுங்க மறைவிடம் இல்லை. பத்துப் பேர் மாண்டனர். அதிகாரிகள் எவரும் தப்பவில்லை, செத்தார்கள் அல்லது காயமுற்றார்கள். படகைப் பிரெஸ்ட் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் கப்பல் மருத்துவர்!

விமானிகளும் விரைவில் பாடம் கற்றார்கள். தனியாகப் பாயாமல், சுடுதூரத்துக்கு வெளியே வட்டமடித்துத் துணை விமானங்களை அழைத்தார்கள். ஜூலை 30 அன்று கூட்டமாகச் சென்ற யூ-461, யூ-462, யூ-504 மூன்றும் ஒரே நாளில் மூழ்கடிக்கப்பட்டன. ஆகஸ்டுத் தொடக்கத்தில் மேலேயே நின்று சுடும் உத்தி கைவிடப்பட்டது. அலையில் ஆடும் தளத்திலிருந்து குறி தவறினால் ஒரு விமானம் தப்பும். படகின் உடலில் துளை விழுந்தாலோ அதனால் மூழ்கி ஒளியவே முடியாது. இந்த ஏற்றத்தாழ்வை எத்தனை பீரங்கி சேர்த்தாலும் ஈடுகட்ட இயலாது என்பதே என் முடிபு.

4. மறைந்தே மூச்சுவிடல்

1944-இல் பரவலான ஸ்நார்க்கல் குழாய், நீருக்கடியிலேயே டீசலை ஓட்ட உதவியது. அலை மோதி அதன் வால்வு மூடினால் எஞ்சின் படகின் உள்காற்றையே உறிஞ்சும்; மாலுமிகளின் காதுகள் வலியெடுக்கும். வேகமும் குறைவு. ஆனாலும் படகு பிழைத்தது. வேட்டைக்காரனாக அதன் பயன் குறைந்ததும் உண்மைதான்.

5. ஏவுகணை

விமானத்தைச் சுடும் எண்ணம் போருக்குப் பின்னும் சாகவில்லை. 1972-இல் பிரிட்டனின் ஏனியாஸ் நீர்மூழ்கியில் புளோபைப் ஏவுகணைகளைப் பொருத்திச் சோதித்தனர். பிரிட்டிஷ் கடற்படை ஏற்கவில்லை. டார்பிடோக் குழாயிலிருந்து பாயும் ஜெர்மனியின் 'ஐடாஸ்' ஏவுகணை ஒளியிழை வழியே வழிநடத்தப்படுவது. அதன் முதன்மை இலக்கு ஹெலிகாப்டர். சோனாரை நீரில் இறக்கி ஒலியெழுப்பும் ஹெலிகாப்டர் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. அரக்கோணத்திலிருந்து பறக்கும் இந்தியக் கடற்படையின் பி-8ஐ போன்ற விமானம் அப்படியல்ல. ஒலியெழுப்பாமல் கேட்க மட்டும் செய்யும் மிதவைகளை வீசிவிட்டு அது நகர்ந்துவிடும். கீழே இருப்பவருக்கு எந்தத் திசையில் சுடுவது என்றே தெரியாது.